பேசும் சாராயம், ஊமைச் சாராயம்: விஸ்கியின் ருசி குறித்துச் சில குறிப்புகள்

1

குடியைப் பற்றித் தமிழில் நமக்கு இரண்டு சொல்லாடல்கள்தான் வாய்த்திருக்கின்றன. ஒன்று ஒழுக்கவாதச் சொல்லாடல். குடி குடியைக் கெடுக்கும் என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுவது. மற்றது அதன் தலைகீழ் வடிவமான சாகசச் சொல்லாடல். எத்தனை ரவுண்டு போச்சு, யார் எங்கே விழுந்தார், எந்தக் கவிஞர் யாருடைய சட்டையைப் பிடித்தார் என்று இலக்கியக் கூட்டம் முடிந்தபிறகு லாட்ஜ் அறைகளில் உற்பத்தியாவது. இவை ஒன்றுக்கொன்று எதிரிகளைப் போலத் தோன்றினாலும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்பது இரண்டுக்குமே ஒரு பொருட்டில்லை. ஒன்றுக்கு அது விஷம், மற்றதற்கு அது போதை. எந்தத் தானியம், யார் வடித்தது, எந்த மரத்தில் எவ்வளவு நாள் கிடந்தது, ஏன் ஒன்று புகையாகவும் இன்னொன்று வெல்லப்பாகாகவும் மணக்கிறது என்ற கேள்விகள் இரண்டிலுமே எழுவதில்லை.

ருசியைப் பற்றிய பேச்சே மேட்டுக்குடிச் சமாச்சாரம் என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. ருசி என்பது நாக்கின் இயல்பான குணம் அல்ல, வர்க்கம் தன்னைப் பிரித்துக் காட்டிக்கொள்ளும் கருவி என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஸ்காட்ச் பாட்டிலை ஷோகேஸில் வைக்கிற நம்மூர் மனோபாவத்தைப் புரிந்துகொள்ள அவர் உதவுவார். ஆனா அதோடு நின்றுவிட்டால், ருசியை அறிகிற உரிமையை மேல்தட்டுக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு நாம் வெளியே வந்துவிடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

இக்கட்டுரை வேறொன்றைச் சொல்லப் பார்க்கிறது. ஒரு விஸ்கியின் ருசி அதன் நினைவு. தானியம், எரிபொருள், செம்பு, மரம், வரி, சட்டம், உழைப்பு எல்லாம் அந்தத் திரவத்தில் தடம் பதித்திருக்கின்றன. விஸ்கி வகைகளை ஒப்பிட்டு ரசிப்பது என்பது அந்தத் தடங்களை மூக்காலும் நாக்காலும் வாசிப்பது. அப்படியானால், எந்தத் தடமும் இல்லாத ஒரு சாராயத்துக்கு விஸ்கி என்று பெயரிட்டு ஒரு சமூகத்துக்கே ஊற்றிக்கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

2

முதலில், ருசி எங்கே நுழைகிறது என்று பார்ப்போம். பார்லியை ஊறவைத்து முளைகட்ட விடுகிறார்கள். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டுவது மாதிரிதான். முளைவிடும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தயார்செய்துகொள்கிறது. அந்த நிலையில் சூடேற்றிக் காயவைத்தால் கிடைப்பது மால்ட். அதை அரைத்து வெந்நீரில் கரைத்தால் இனிப்பான கரைசல் வரும். ஈஸ்ட் போட்டுச் சில நாள் புளிக்கவைத்தால் ஏறக்குறைய 8 சதவீத ஆல்கஹால் உள்ள, பீர் போன்ற ஒன்றாகும். பழங்களை நினைவூட்டும் மணங்களில் பல இந்தப் புளிப்பில்தான் பிறக்கின்றன.

பிறகு வடிப்பு. ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கி செம்பினாலான பானை வடிகலத்தில் பெரும்பாலும் இரண்டு முறை வடிக்கப்படுகிறது. செம்பு சும்மா ஒரு பாத்திரமில்லை. கந்தக வாடையுள்ள சேர்மங்களை அது பிடித்துக்கொள்கிறது. முதலில் வரும் தலைப்பகுதியையும் கடைசியில் வரும் வால்பகுதியையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் ஒரு வடிசாலையின் குணம் பாதி இருக்கிறது. இப்படிக் கிடைப்பது ஏறக்குறைய 70 சதவீத ஆல்கஹால். தண்ணீர் மாதிரி நிறமற்றது.

மிச்சம் மரத்தின் வேலை. ஓக் பீப்பாயின் உட்புறம் நெருப்பில் வாட்டியோ கரித்தோ இருக்கும். வெயிலில் திரவம் விரிந்து மரத்துக்குள் போகிறது, குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. போய்வரும்போதெல்லாம் வெனிலா மணம் தரும் வெனிலின், தேங்காய் மணம் தரும் லாக்டோன், துவர்ப்புத் தரும் டானின் ஆகியவற்றைக் கொண்டுவருகிறது. கூடவே மரத்தின் வழியாக ஆவியாகியும் போகிறது. தேவதைகளின் பங்கு என்று இதற்குப் பெயர். ஸ்காட்லாந்தின் குளிரில் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம். பெங்களூரின் வெப்பத்தில் 10 சதவீதத்தையும் தாண்டும். ஸ்காட்ச் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சட்டம். பாட்டிலில் 12 என்று போட்டிருந்தால் அதற்குள் இருப்பதில் மிக இளையதற்கே 12 வயசு என்று பொருள். வயசு கூடக்கூட ருசியும் கூடும் என்பது விற்பனைக்காரர்கள் பரப்பிய நம்பிக்கை. அளவுக்கு மிஞ்சிக் கிடந்தால் தானியம் செத்து, மரப்பலகையை நக்குகிற துவர்ப்புதான் மிஞ்சும்.

3

இனி வகைகள். ஸ்காட்லாந்தின் மேற்குக்கரையை ஒட்டிய ஐலா தீவின் விஸ்கிகளை எடுத்துக்கொள்வோம். லஃப்ராய்க், ஆர்ட்பெக், லகவூலின். முதல்முறை முகர்கிறவருக்கு ஆஸ்பத்திரி வார்டும் ஈரக் கயிறும் அணைந்த அடுப்பும் சேர்ந்து ஞாபகம் வரும். இந்த மணத்துக்குக் காரணம் பீட். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கிய தாவரங்களின் அடுக்கு அது. வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். மால்ட்டை அந்தப் புகையில் உலர்த்தும்போது ஃபீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தில் ஏறிக்கொள்கின்றன. கிருமிநாசினி வாடை வருவது இதனால்தான்.

ஏன் பீட்டை எரித்தார்கள்? அதுதான் இருந்தது. மரம் குறைவு, நிலக்கரி இல்லை. ரயில்பாதை போய்ச் சேர்ந்த நிலப்பகுதிகளில் நிலக்கரி வந்தது, புகை குறைந்தது. ஸ்பே ஆற்றங்கரை விஸ்கிகள் ஆப்பிளும் தேனுமாக மென்மையாக மணப்பதில் இதற்கும் பங்குண்டு. தீவுகளில் புகை தங்கிவிட்டது. ஆக, இன்று பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ரசிக்கப்படும் புகை மணம் ஒருகாலத்து எரிபொருள் தட்டுப்பாட்டின் தடம்.

வரியும் இப்படித்தான் ருசியாக மாறியது. அயர்லாந்தில் மால்ட் மீது 1785-இல் வரி போட்டபோது வடிப்பவர்கள் என்ன செய்தார்கள்? முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பார்லியையும் கலந்தார்கள். முளைகட்டாததற்கு அந்த வரி கிடையாது. வரியைக் குறைக்கச் செய்த இந்தத் தந்திரம் எண்ணெய்ப் பதமும் மசாலாக் காரமும் கொண்ட புதிய ருசியை உண்டாக்கிவிட்டது. ரெட்பிரஸ்ட் போன்ற ஐரிஷ் ‘சிங்கிள் பாட் ஸ்டில்’ விஸ்கிகளில் இன்றும் அதுதான் பெருமை. மூன்று முறை வடிப்பது அயர்லாந்தில் பெருவழக்கு. ஐரிஷ் விஸ்கி வழவழப்பாக இறங்குவதற்கு அது ஒரு காரணம்.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் அரசுக்குத் தெரியாமல் வடிப்பது வாழ்வாதாரமாக இருந்தது. குத்தகை கட்ட வேறு காசு ஏது? விஸ்கியைப் புகழ்ந்து பாடிய கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1789-இல் கலால் அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார் என்பது வரலாற்றின் நக்கல். 1823-ஆம் ஆண்டுச் சட்டம் வரியைக் குறைத்து, உரிமத்தை முறைப்படுத்தியது. மறு ஆண்டு கிளென்லிவெட்டில் உரிமம் எடுத்த ஜார்ஜ் ஸ்மித், கள்ளச்சாராயம் காய்ச்சிய அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து இரண்டு கைத்துப்பாக்கிகளோடு திரிந்தார். முதலீடும் நிலப்பிரபுவின் ஆதரவும் உள்ளவருக்குச் சட்டம் வழிவிட்டது. குடிசையில் காய்ச்சியவர் குற்றவாளியாகவே நின்றார். அவருடைய கைப்பக்குவம் மட்டும் உரிமம் பெற்றவர்களின் சொத்தாகிவிட்டது.

4

அட்லாண்டிக்கைக் கடந்தால் தானியமே மாறுகிறது. பார்லி கொண்டுபோனவர்களுக்கு அங்கே கிடைத்தது மக்காச்சோளமும் ரையும். பூர்போன் எனப்படும் அமெரிக்க விஸ்கியில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். இனிப்பு அதிலிருந்து வருகிறது. ரை விஸ்கியில் ரை 51 சதவீதம். மிளகும் சீரகமும் போன்ற காரம் இதன் குணம். பூர்போனைக் கரித்த புதிய ஓக் கலத்தில்தான் ஊற்ற வேண்டும் என்ற விதி, மதுவிலக்கு (1920-33) முடிந்தபிறகு 1930-களில் எழுதப்பட்டது. புது மரம், கரித்த மரம், சூடான கிட்டங்கி. எனவே நான்கைந்து ஆண்டுகளிலேயே வெனிலாவும் எரித்த சர்க்கரையும் தேங்காயுமாகப் பூர்போன் பொங்கி நிற்கிறது. ஸ்காட்ச் குசுகுசுப்பது போலப் பேசும் என்றால் பூர்போன் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் பேசும்.

டென்னஸி விஸ்கி இன்னொரு படி போகிறது. பீப்பாயில் ஊற்றுமுன் சர்க்கரை மேப்பிள் மரக்கரியின் வழியே சொட்டுச்சொட்டாக வடியவிடுகிறார்கள். இதில் உலகப்புகழ் பெற்ற பெயர் ஜாக் டேனியல். அவருக்குச் சாராயம் வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமைத் தொழிலாளி. அந்த நிறுவனம் இதைப் பகிரங்கமாகப் பேசத் தொடங்கியது தன் 150-ஆம் ஆண்டைக் கொண்டாடிய 2016-இல்தான். லேபிளில் ஒரு பெயர், கைப்பக்குவத்தில் இன்னொரு பெயர். விஸ்கியின் நினைவு என்று நான் சொல்வதில் இப்படி மறைக்கப்பட்ட பெயர்களும் அடக்கம்.

அமெரிக்கச் சட்டத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. ஒருமுறை பூர்போன் ஊற்றிய பீப்பாய் மறுமுறை பூர்போனுக்கு ஆகாது. அவற்றை ஸ்காட்லாந்து வாங்கிக்கொள்கிறது. இன்றைய ஸ்காட்சில் பெரும்பகுதி பூர்போன் கிடந்த பீப்பாய்களில்தான் முதிர்கிறது. இன்னொரு பகுதி ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் கிடந்த பீப்பாய்களில். மெக்காலன், கிளென்ஃபார்க்ளஸ் போன்றவற்றில் உலர்திராட்சையும் அத்திப்பழமும் மணப்பது ஷெர்ரியின் புண்ணியம்.

ஒரே வடிசாலை, பார்லி மால்ட் மட்டுமே, கலப்படமற்ற மண்ணின் குரல் என்று ‘சிங்கிள் மால்ட்’ தன்னைத் தூய்மையின் பிரதியாக முன்வைத்துக்கொள்கிறது. அந்தப் பிரதியின் சரிபாதிச் சொற்கள் கென்டக்கியின் மக்காச்சோளத்திடமும் ஸ்பெயினின் திராட்சையிடமும் வாங்கிய இரவல். ‘சிங்கிள்’ என்றால் ஒரே பீப்பாய் என்றுகூட அர்த்தமில்லை, ஒரே வடிசாலை என்றுதான் அர்த்தம். பல பீப்பாய்களைக் கலந்துதான் பாட்டிலில் அடைக்கிறார்கள். கிளென்ஃபிடிக் 1963-இல் சிங்கிள் மால்ட்டைத் தனிச்சரக்காக வெளிச்சந்தைக்குக் கொண்டுபோகும்வரை மால்ட்டின் முக்கிய வேலை பிளென்டுகளுக்குள் போய்ச் சேர்வதாகவே இருந்தது. தூய்மை என்பது பிற்பாடு கட்டமைக்கப்பட்ட ஒன்று. இதைச் சொல்வதால் அதன் ருசி குறைந்துவிடாது. எத்தனை ஊர்கள் ஒரு மிடறில் இருக்கின்றன என்று தெரிந்து குடிக்கும்போது ரசிக்க இன்னும் கொஞ்சம் கிடைக்கத்தான் செய்கிறது.

5

விஸ்கியின் வரலாற்றில் ஓர் இயந்திரமும் ஒரு வழக்கும் முக்கியமானவை. அயர்லாந்தின் முன்னாள் கலால் அதிகாரி ஈனியஸ் காஃபி 1830-இல் தொடர் வடிகலத்துக்குக் காப்புரிமை பெற்றார். பானையில் ஒவ்வொரு தடவையும் ஊற்றி, காய்ச்சி, கழுவி மறுபடி ஊற்றும் வேலை இதில் கிடையாது. உயர்ந்த தூண் போன்ற கலத்தில் ஒருபக்கம் கரைசல் போய்க்கொண்டேயிருக்கும், மறுபக்கம் சாராயம் வந்துகொண்டேயிருக்கும். மலிவு, வேகம், அதிகத் தூய்மை. தூய்மை கூடும்போது தானியத்தின் மணம் கழன்றுவிடுகிறது. ஐரிஷ்காரர்கள் இதை ‘ஊமைச் சாராயம்’ என்று அழைத்தார்கள். எங்கிருந்து வந்தேன் என்று சொல்லத் தெரியாத சாராயம். டப்ளினின் நான்கு பெரிய வடிசாலைகள் சேர்ந்து 1870-களின் இறுதியில் இதற்கு எதிராக ஒரு நூலே வெளியிட்டன.

ஸ்காட்லாந்து வணிகர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். ஊமைச் சாராயத்தோடு குணமுள்ள மால்ட்டைக் கலந்தால் யாருக்கும் உறுத்தாத ஒரு ருசி கிடைக்கும். பிளென்டட் ஸ்காட்ச் பிறந்தது இப்படித்தான். பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா பூச்சி அழித்துப் பிராந்திக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்த இடத்தில் பிளென்ட் போய் உட்கார்ந்துகொண்டது.

இதற்கு விஸ்கி என்று பெயர் சொல்லலாமா? லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி 1905-இல் மதுக்கடைக்காரர்கள் மீது வழக்குத் தொடுத்தது. பானையில் வடிக்காததை விஸ்கி என்று விற்பது மோசடி என்பது குற்றச்சாட்டு. கீழ்நீதிமன்றம் நகராட்சியின் பக்கம் நின்றது. கலங்கிப்போன தொழிலதிபர்களின் வற்புறுத்தலில் 1908-இல் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. மால்ட்டின் நொதியால் சர்க்கரையாக்கப்பட்ட தானியக் கரைசலிலிருந்து வடித்தது எதுவாயினும் விஸ்கிதான், எந்தக் கலத்தில் வடித்தாலும் சரி என்று அது 1909-இல் முடிவு சொன்னது. குறிப்பான் ஒன்றே, குறிப்பீடு மாறிவிட்டது. பெயருக்கான போரில் முதலீடு வென்றது. பழைய முறையை விடாத அயர்லாந்துத் தொழில், விடுதலைப் போர், அமெரிக்க மதுவிலக்கு, பிரிட்டனுடனான வணிகப் பூசல் எல்லாம் சேர்ந்து நசுக்கியதில், 1970-களின் நடுவில் இரண்டே வடிசாலைகளாகச் சுருங்கிவிட்டது.

முதிர்ச்சிக் காலத்தைக் கட்டாயமாக்கிய சட்டமும் ரசிகர்களுக்காக வந்ததில்லை. முதல் உலகப்போரின்போது ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போகிறார்கள் என்று பிரிட்டிஷ் அரசு கவலைப்பட்டது. முதிராத சாராயம்தான் வெறியேற்றுகிறது என்ற எண்ணத்தில் 1915-இல் குறைந்தபட்ச முதிர்ச்சிக்காலம் 2 ஆண்டு என்றார்கள், அடுத்த ஆண்டே 3 ஆக்கினார்கள். இன்று ஆடம்பரத்தின் குறியாகக் காட்டப்படும் ‘வயசு’, பிறந்தபோது தொழிலாளியின் மீதான கண்காணிப்பு.

ஆனாலும் பிளென்டைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல பிளென்டில் முப்பது நாற்பது விஸ்கிகள்கூட ஒன்றையொன்று மிதிக்காமல் சேர்ந்து ஒலிக்கும். இயந்திரத்தின் மீது பழிபோடுவதும் சரியாகாது. பூர்போனில் பெரும்பகுதியும் தூண்கலத்தில்தான் வடிக்கப்படுகிறது. எவ்வளவு உயரத்துக்கு வடிக்கிறோம் என்பதுதான் விஷயம். பூர்போனை 80 சதவீதத்துக்கு மேல் வடிக்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் தானிய விஸ்கி 94.8 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் தானியத்தின் நினைவு ஏறக்குறைய அழிந்துவிடும். இந்த எண்களை மனசில் வைத்துக்கொள்வோம்.

6

சரி, இதையெல்லாம் ரசிப்பது எப்படி? பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாக்குக்குத் தெரிந்த ருசிகள் சில மட்டுமே. மிச்சத்தையெல்லாம் மூக்கு சொல்கிறது. விழுங்கியபிறகு தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறும் ஆவியில்தான் பாதி விஸ்கி இருக்கிறது. ஒரே மடக்கில் கவிழ்த்துக்கொள்கிறவருக்கு அது கிடைக்காது. தொண்டை எரிச்சல் ருசியல்ல. சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணர்கிற அதே நரம்பு வாயிலை ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது. அவ்வளவுதான்.

தண்ணீர் ஊற்றுவது கௌரவக் குறைச்சல், ‘ராவா’ அடிப்பதே ஆண்மை என்று ஒரு மூடநம்பிக்கை நம்மிடம் உண்டு. புகைமணம் தரும் குவாயகால் மூலக்கூறுகள், ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன என்று சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் 2017-இல் கணினி மாதிரி மூலம் காட்டினார்கள். மேற்பரப்புக்கு வந்தால் மூக்குக்கு எட்டும். கொஞ்சம் தண்ணீர் விஸ்கியின் வாயைத் திறக்கிறது எனலாம். ஐஸ் அதையே மூடிவிடும், குளிர்ச்சியில் மணம் எழும்பாது. புகைகொண்ட ஐலாவையும் இனிப்பான பூர்போனையும் வழவழப்பான ஐரிஷையும் அரைக்கால் அவுன்ஸ் அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்த்தால், எந்த நிபுணரும் இல்லாமல் வேறுபாடு தானாகத் தெரியும். ரசனைக்கு வேண்டியது குறைந்த அளவும் நிறைய நேரமும். போதைக்கு இது நேர்மாறு.

நேரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பிரச்சினை நம்மூருக்கு வந்துவிடுகிறது.

7

அளவில் பார்த்தால் உலகிலேயே அதிகமாக விஸ்கி குடிக்கும் நாடு இந்தியா. ஆனால் நம்மூரில் மலிவு விலையில் விற்கும் விஸ்கியில் பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்ற பெயரில் விற்கத் தகுதியற்றது. அங்கே தானியத்திலிருந்து வடித்திருக்க வேண்டும், 3 ஆண்டு மரத்தில் கிடந்திருக்க வேண்டும். இங்கே அடிப்படை எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால். கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து, தூண்கலத்தில் 96 சதவீதம்வரை வடித்தது. அண்மைக்காலத்தில் உடைந்த அரிசி போன்ற தானியங்களிலிருந்தும் வடிக்கிறார்கள். அதில் தண்ணீர், கேரமல், மணச்சரக்கு, விலைக்கேற்ப ஒரு பங்கு மால்ட் சாராயம் சேர்த்து 42.8 சதவீதத்தில் பாட்டிலில் அடைத்தால் விஸ்கி. கேரமலையும் மணத்தையும் மாற்றினால் பிராந்தி, ரம். பூர்போன் 80-இல் நிற்கிறது, ஸ்காட்லாந்தின் தானிய விஸ்கி 94.8-க்குள் நிற்கிறது. நம்முடையது 96. பெயரிலேயே நியூட்ரல். ஐரிஷ்காரர்கள் கேலிசெய்த ஊமைச் சாராயத்தின் முழுமைபெற்ற வடிவம் இதுதான்.

இந்தியாவில் பேசும் விஸ்கி செய்ய முடியாது என்பதில்லை. பெங்களூரின் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை 2004-இல் கிளாஸ்கோவிலேயே அறிமுகப்படுத்தியது. வெப்பத்தில் மரம் வேகமாக வேலைசெய்வதால் குறைந்த ஆண்டுகளிலேயே அழுத்தமான ருசி கிடைக்கிறது. அது இங்கே யாருக்கு எட்டுகிறது என்பதுதான் கேள்வி. ஒரே நாட்டில் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள். காசுள்ளவருக்கு நினைவுள்ள சாராயம், கூலிக்காரருக்கு நினைவழிக்கப்பட்ட சாராயம்.

தமிழ்நாட்டு வரலாறு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987-இலிருந்து கள் தடைசெய்யப்பட்டது. 2003-இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்குப் போனது. இந்த வரிசையில் பனையிலும் தென்னையிலும் ஏறி இறக்கியவரின் கள், மரமும் மண்ணும் பருவமும் தெரிகிற கள், குற்றமாகிவிட்டது. எந்த மண்ணும் தெரியாத குவார்ட்டர் அரசாங்கச் சரக்காகிவிட்டது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் குடிசை வடிப்பாளருக்கு நேர்ந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2023-24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

மூங்கில் குழாயில் விளையவைத்த தேறலும், நிலத்தில் புதைத்துப் பழுக்கவைத்த மதுவும் சங்கப் பிரதிகளில் பேசப்படுகின்றன. அவை வடித்தவை அல்ல, புளிக்கவைத்தவை. ஆனால் மதுவுக்கு ‘விளைதல்’ என்றும் ‘பழுத்தல்’ என்றும் காலத்தைக் குறிக்கும் சொற்களை வழங்கிய மொழி இது. இன்று நம் குடிமொழியில் காலமே இல்லை. கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல் என எல்லாம் அளவு. கட்டடத்தில் கல் சுமந்துவிட்டு, ராத்திரி கடை மூடுவதற்குள் ஓடிவந்து, கிடைத்த பிராண்டை வாங்கி, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, ஊறுகாயைத் தொட்டு நாக்கை ஏமாற்றிவிட்டு விழுங்குகிறவரிடம் போய் மூக்கால் முகர்ந்து ரசிங்கண்ணே என்று சொல்வது அயோக்கியத்தனம். அவருக்கு விற்கப்படுவதில் முகர ஒன்றுமில்லை. முகர நேரமுமில்லை. சும்மா கப்புனு ஏறணும், அவ்வளவுதான். அந்த ‘கப்பு’ அவருடைய ரசனைக்குறைவு என்பது ஒழுக்கவாதியின் வாசிப்பு. உடம்பின் வலியை மரத்துப்போகச் செய்ய விற்கப்படும் ஒரு பொருள், அதற்கேற்றபடியே தயாரிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் சரியான வாசிப்பாக இருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழ வேண்டும். கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்கார்ந்த பெண்களிடம் ருசியைப் பற்றிப் பேச முடியுமா? 2015-இல் கடையை மூடக் கோரிய போராட்டத்தில் உயிரிழந்தார் சசிபெருமாள். நல்ல விஸ்கியும் கல்லீரலைக் கெடுக்கத்தான் செய்யும். பன்னிரண்டு வருஷ ஸ்காட்ச் குடித்துவிட்டு வந்து அடிக்கிற கையும் அதே கைதான். ருசி யாரையும் யோக்கியனாக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் செத்தார்கள். மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. எத்தனால் போலவேதான் இருக்கும். உடம்புக்குள் போனபிறகே அது ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணையும் உயிரையும் பறிக்கும்.

ஆனால் இந்தச் சாவுகளும் தெருவில் உட்கார்ந்த பெண்களும் எழுப்பும் கேள்வியும் இக்கட்டுரையின் கேள்வியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. டம்ளருக்குள் என்ன இருக்கிறது, யார் அதை அங்கே வைத்தார்கள், அதில் யாருக்கு லாபம்? குடிக்கிறவர் இதைக் கேட்காமலிருப்பது விற்கிறவர் எல்லோருக்கும் வசதி. ஒழுக்கவாதமும் சாகசவாதமும் அந்த வசதியைத்தான் காலங்காலமாகக் காப்பாற்றிவருகின்றன. எந்தப் பயிரிலிருந்து வடித்தது, எத்தனை மாதம் மரத்தில் கிடந்தது, நிறமும் மணமும் எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொரு பாட்டிலிலும் படிக்கிற அளவு எழுத்தில் தமிழில் எழுது என்று கேட்பது ஒரு சின்னக் கோரிக்கை. கள்ளைக் குற்றப்பட்டியலிலிருந்து எடு என்பது அதைவிடப் பெரியது. குடிக்காமலே களைப்பு ஆறுகிற அளவுக்கு வேலைநேரமும் கூலியும் வேண்டும் என்பது எல்லாவற்றிலும் பெரியது. மதுவிலக்கு கேட்பவரும் குடிப்பவரும் சேர்ந்தே இவற்றைக் கேட்க முடியும்.

பிரதிகளைக் கட்டுடைத்து வாசிக்க நாம் கொஞ்சம் பழகியிருக்கிறோம். அடுத்தமுறை குவார்ட்டர் பாட்டில் கைக்கு வந்தால், மூடியைத் திருகுமுன் அதன் லேபிளையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். முன்பக்கம் குதிரையோ கோட்டையோ ஆங்கிலப் பிரபுவோ இருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனால் நியூட்ரல் ஸ்பிரிட், கேரமல், சேர்க்கப்பட்ட மணம் என்ற சொற்கள் கிடைக்கக்கூடும். எந்த ஊர், எந்தப் பயிர், எத்தனை வருஷம் என்பது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.